கழாவும் கலோரியும்

உயிருக்கு விலை இரண்டாயிரத்து அறுநூறு கலோரி, ஓர் ஆணுக்கு, ஒரு நாளைக்கு, பேரம் கிடையாது... கொழும்பில் பேராசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதியபோது என் கை தானாகவே உயரப் பார்த்தது, கற்பிட்டிக் கடைத்தெருவில் கருவாடு விற்கும் மரைக்கார் வீட்டுப் பிள்ளை, சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொண்டான் என்று கேள்விப்பட்டால் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும், இரண்டாயிரத்து நானூறுக்கு முடியாதா சேர், குடும்பமாக எடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது, கேட்கவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டேன், பெண்ணுக்கு அதில் பத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்தில் ஏழு, ஆறு வயதுக்குப் பாதி, வேண்டிய அளவுக்குக் குடும்பம் குறைத்துத்தான் கேட்கிறது, பார்த்தீர்களா, நான் கேட்காமலே. போஷாக்குப் படிக்கிறேன் என்று முதல் வருஷம் வீட்டில் சொன்னபோது வாப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, “சாப்பாட்டப் படிக்கவா உன்னச் சர்வகலாசாலைக்கு அனுப்பினன்? உன்ட உம்மா எந்தக் கொலீஜில படிச்சா?” என்றார், கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிப்பதற்குக் காசில்லை. இப்போது கடைசி வருஷம், லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவன் ஒவ்வொருவனும் தன் பக்கத்தில் ஒரு மீனவ வீட்டை ஏழு நாள் நிறுத்துக் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும், கணக்குச் சுத்தமாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவனுக்கு அரசாங்கத்தில் ஓர் உத்தியோகம் காத்திருக்கிறது, ஒன்றே ஒன்று, பென்ஷனோடு... அதற்காகத்தான் கண்டக்குழியில் மீனவன் அத்தாஉல்லாவின் ஓலை வீட்டு வாசலில், மீன் மணக்கும் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு குடும்பத்தின் மரவள்ளிக் கிழங்கை அவுன்ஸ் பிசகாமல் நிறுத்துக்கொண்டிருக்கிறேன், இன்று ஏழாம் நாள், இன்றோடு முடிகிறது.

கச்சான் காற்று மணலை அள்ளித் தராசில் போடுகிறது, அதையும் ஊதித் தள்ள வேண்டியிருக்கிறது, மணலுக்குக் கலோரி இல்லை. இந்தக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் யாரையும் உள்ளே விடாது, தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன, அத்தாஉல்லா பொழுதுபட்டு மஃரிப் ஆனதும் விளக்கை எடுத்துக்கொண்டு ஆழமில்லாத களப்புக்கு றால் பிடிக்கப் போகிறான், விடியத் திரும்பிவந்து பகல் சாப்பாடுவரை தூங்குகிறான், இதோ உள்ளே குறட்டை. ஜேர்மன்காரன் தோற்று இரண்டு மாதம் ஆகிறது, கூப்பன் இன்னும் தோற்கவில்லை, கூப்பன் அரிசி, கூப்பன் மா, கிழங்கு, கைப்பிடி சூடை மீன், பாதித் தேங்காய், நாள் முழுவதற்குமான சாமானைக் காலையிலேயே நிறுத்துப் பார்த்தால் எல்லாம் சேர்த்து இந்த வீட்டுக்கு நாளொன்றுக்கு ஆறாயிரம் கலோரி, பத்து இருபது கூடக்குறைய, ஆறு நாளும் அதேதான், அத்தாஉல்லாவின் மனைவி ரம்ஸியா ராத்தாவின் கை என் தராசைவிட நேர்மையான கை. அந்த ஆறாயிரத்தைச் சாப்பிடுகிறவர்களால் பிரிக்க வேண்டும், அத்தாஉல்லா ஒன்று, மூத்தவள் றம்லா பத்தில் ஏழு, இளையவள் ஜுனைதா பாதி, ஆக இரண்டு புள்ளி இரண்டு... ராத்தா? ராத்தா கணக்கில் இல்லை. முதல்நாளே ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டா, “என்ன எழுதாதீங்க தம்பி, நான் கழா நோன்பு. போன றமழானில மலைக்காய்ச்சல், இருபத்தெட்டு விட்டுப்போச்சு, அடுத்த றமழான் பிறைக்கு முந்திக் குடுத்து முடிக்கணும்.” நானும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிப்பதற்குப் பெயர் கழா என்பது எனக்குத் தெரியாதா, கொழும்பில் இருந்து வரும் வேறு எவனாவது இருந்தால் அது என்ன, ஏன், எப்போது என்று நூறு கேள்வி கேட்டிருப்பான், நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், நோன்பு துறக்கிறதும் விடியமுன் சஹர் சாப்பிடுகிறதும் இந்தப் பானையிலா என்று, “இல்ல, எங்கட ராத்தா ஊட்டில” என்று வேலிக்கு அடுத்த வீட்டை, தன் அக்காவின் வீட்டைக் காட்டினா, படிவத்தில் வேறிடத்தில் உண்பவரைக் காரணம் எழுதிக் கழிக்கவும் என்று இருக்கிறது, கழித்தேன், ஆறு நாளும் அழகான கையெழுத்தில், நோன்பு, நோன்பு, நோன்பு... மார்க்கம் தெரிந்தவன் கணக்கெடுத்தால் எவ்வளவு சுலபம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்கூட.

குடத்துக்குள் சிரட்டை மோதும் சத்தம் கேட்டது. தட்டியில் ஒரு கிழிசல், நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, மணல் கண்ணில் விழாமல் தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான், ரம்ஸியா ராத்தா முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தண்ணீரை அண்ணாந்து வாயில் ஊற்றினா. சரி, வாய் கொப்பளிக்கிறா, தொழுகைக்கு முன் கழுவும் வுழுவுக்காக இருக்கும், நோன்பாளி கொப்பளிக்கலாம், விழுங்கத்தான் கூடாது, துப்புவா. நான் துப்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்குமா, இரண்டு... காற்றில் சத்தம் தவறிவிட்டதோ, மெதுவாகத் துப்பியிருப்பாவோ, இரண்டாவது சிரட்டை இறங்கியது, இப்போது தொண்டை அசைவதையும் பார்த்தேன், மிடறு மிடறாக, அவசரமில்லாமல், பழகிய ஆள் குடிக்கிற மாதிரி. மறதியாகக் குடித்தால் நோன்பு முறியாது என்று ஓதிய பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள், மறந்துதான் குடித்தா, ஓம், மறதி, யாருக்கும் வருவதுதானே, இரண்டு சிரட்டையா மறப்பா? வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தண்ணீர் இறங்கி நிரம்பும்வரை அப்படியே நின்றா, அந்த நிற்பை நான் படித்த எதிலும் பார்க்கவில்லை, புத்தகத்தில் இல்லை, எலிக்கூண்டுகளில் இல்லை... ஒரு வருஷம் முழுக்க வாராவாரம் எலிகளை நிறுத்தேன், பால் கொடுத்த எலி, அரிசி மட்டும் கொடுத்த எலி, எந்த எலியும் தனக்கு நோன்பு என்று சொன்னதில்லை, ஆகையால் அந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்தது.

ஜுனைதா என் பக்கத்தில் குந்தியிருந்து படிக்கற்களைப் பெரியது சிறியதாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று ஒரு மனம், கேட்டால் என்ன என்று இன்னொன்று, சரக்கில் பழுது தெரிந்த பிறகும் மூட்டையை அவிழ்க்காமல் போகிறவன் எப்படி மரைக்கார் வீட்டுப் பிள்ளை... “பெரியும்மா ஊட்டில இண்டைக்கு என்ன கறி புள்ள?” என்று கேட்டேன், பகிடி மாதிரி. அவள் நிமிரவேயில்லை. “அது பூட்டித்தான் கிடக்குது. பெரியும்மா உப்பளத்து வேலைக்குப் புத்தளம் பெய்த்தா. கோழியையும் கொண்டு பெய்த்தா.” எப்போது? “பெருநாள்...” என்று தொடங்கி விரலை மடக்கிப் பார்த்து, “எனக்கு மற்றப் பல்லு விழுறதுக்கு முந்தி” என்றாள், வாயைத் திறந்து காட்டினாள், அந்த இடத்தில் புதுப்பல் பாதி வளர்ந்திருந்தது, வாயின் இரு ஓரமும் வெடித்து வெள்ளையாக இருந்தது, அதற்கு ஒரு நீளமான இங்கிலீசுப் பெயர் இருக்கிறது, பரீட்சையில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி இரண்டு புள்ளி வாங்கினேன். ஆக வேலிக்கு அடுத்த வீட்டில் அடுப்பு இல்லை, சஹரும் இல்லை, நோன்பும் இல்லை. ஏழு நாளாக ஒரு பெண் என் கண் முன்னால் பசி கிடந்தா, நான் பக்கத்தில் இருந்து தராசு பிடித்தேன். கடைத்தெருவில் ஒருவன் முகத்தைப் பார்த்தே பையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவன் நான், எல்லோரும் இல்லாததை இருப்பதாகத்தானே விற்பார்கள், ராத்தா விற்றது நிறைந்த வயிறு, நான் வாங்கினேன், முகரக்கூட இல்லாமல் வாங்கினேன், மார்க்கத்தின் பெயரைச் சொன்னதும் பல்லைப் பிடித்துப் பார்க்க மறந்துபோனேன்.

சரி, திருத்திவிடலாம், திருத்தினால் போயிற்று, பென்சில் எங்கே... ஆறாயிரத்தை இரண்டு புள்ளி இரண்டால் பிரித்தால் இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தேழு, கோடு இரண்டாயிரத்து அறுநூறு, வீடு கோட்டுக்கு மேலே. ராத்தாவையும் சேர், பத்தில் எட்டு, இப்போது மூன்று, ஆறாயிரத்தை மூன்றால் பிரி, இரண்டாயிரம், வீடு கோட்டுக்கு எவ்வளவோ கீழே, கீழே விழுகிற வீட்டுக்குத்தான் அரசாங்கத்தின் பால் துண்டு, அதைக் காட்டினால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம் பால் இலவசம். என்ன விசித்திரம், அவ சாப்பிடாமல் இருக்க இருக்க இந்த வீடு கொழுத்துக்கொண்டே போகிறது, ஒருவர் குறையப் பங்கு கூடுகிறது, வாப்பாவின் கூட்டு வியாபாரத்தில்கூட இப்படி ஒரு பங்காளி கிடைத்ததில்லை. இன்றைய தாளில் உண்மையை எழுதினால்? எழுதிப் பார்த்தேன், மையொற்றும் தாளின் பின்புறத்தில், முதல் ஆறு நாளும் இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தேழு, ஏழாம் நாள் இரண்டாயிரம், கூட்டி ஏழால் பிரித்தால்... இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்துமூன்று. மறுபடி பிரித்தேன். இருபத்துமூன்று கூடத்தான். இன்றைக்கு மட்டும் உண்மை சொல்லிப் பிரயோசனம் இல்லை, உண்மையும் மொத்தமாக வாங்கினால்தான் பலன் போலிருக்கிறது, அந்த ஆறு தாளும் அன்றன்றைக்கே கற்பிட்டித் தபாற்கந்தோரில் முத்திரை குத்தப்பட்டுக் கொழும்புக்குப் போய்விட்டன, அன்றாடம் அனுப்பாதவன் இருந்து இட்டுக்கட்டுகிறான் என்பது பேராசிரியரின் சட்டம், திருத்தம் கேட்பவனைக் கவனமில்லாதவன் என்று வைப்பது அவருடைய வழக்கம். ஒரு தந்தி போதும், ஆறு தாளும் பிழை, திருத்தி அனுப்புகிறேன், பத்துச் சொல்லுக்குள் அடக்கிவிடலாம், பதினோராவது சொல் என் உத்தியோகம்... அது சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

தட்டிக்குக் கிட்டப்போய் முதுகைக் காட்டி நின்றேன், முகம் பார்த்துக் கேட்க முடியாத கேள்விக்குத் தட்டி நல்ல வசதி. “ராத்தா, அடுத்த ஊடு பூட்டிக் கிடக்குதாமே?” உள்ளே அகப்பை நின்றது. பிறகு மெதுவாக, “சின்னவள்ட வாய்க்குத்தான் நான் முதல்ல பூட்டுப் போட்டிருக்கணும்” என்றா, சிரிக்கப் பார்த்த குரல். நான் பால் துண்டைப் பற்றிச் சொன்னேன், மூன்றால் பிரிப்பதைச் சொன்னேன், ஆறு தாளையும் திருப்பி எழுத வேண்டும் என்பதைச் சொன்னேன், தந்தி என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. “எழுதிட்டு அந்தத் தாள அவருக்கு வாசிச்சுக் காட்டணும்தானே? அவர்ட பெருவிரல் வைக்கணும்தானே?” என்று கேட்டா. ஓம் என்றேன், வீட்டுத் தலைவனுக்கு வாசித்துக் காட்டி அடையாளம் வாங்குவது விதி. “அப்ப எழுதிராதீங்க தம்பி. உங்கட உம்மா மேல ஆணையா எழுதிராதீங்க. இது உங்களுக்காகச் சொன்ன பொய் இல்ல, இது பழைய பொய். ஒவ்வொரு கச்சானுக்கும் நான் இப்பிடித்தான். போன வருஷம் சுன்னத்து நோன்பு, அதுக்கு முந்தின வருஷம் நேர்ச்சை. பசிக்கல்ல எண்டு சொன்னா அவர் அரைவாசியத் தள்ளிவைப்பார், தள்ளிவெச்சிட்டுக் களப்புத் தண்ணியில ரா முழுக்க நிப்பார், முந்தி ஒருக்கா மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு வந்தாங்க. நோன்பு எண்டு சொன்னா ஒரு சொல்லுப் பேசமாட்டார், தன்ட பங்கத் தின்னுவார்.” இரவில்? “ராவைக்குச் சட்டியில ஒட்டினது இரிக்கும்.” அப்ப பிள்ளைகளுக்குப் பால்? “பால் நல்லதுதான்” என்றா, “ஆனா அவருக்குத் தெரிஞ்சா அந்தப் பால் இந்த ஊட்டில இறங்குமா தம்பி?”... ரசாயனம் எல்லாம் படித்திருக்கிறேன், சமநிலைச் சூத்திரம், விற்றமின் எழுத்துகள் முழுக்க, இதற்கு என்ன சொல்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை, நானும் எந்த வகுப்பிலும் கேட்கவில்லை.

அத்தாஉல்லா எழும்பி வந்தான், சாரத்தை இறுக்கிக்கொண்டு, கண் சிவந்து, நல்ல உற்சாகத்தோடு. “என்ன மரைக்கார் மகன், இண்டைக்கு எங்கட கிழங்கு பாரம் கூடவா குறையவா? உங்கட வாப்பாட தராசு இல்லையே, அப்ப நம்பலாம்.” நான் சிரித்தேன், வாப்பாவின் தராசைப் பற்றிய பகிடிக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை பழகிவிட்டது. மூன்று பீங்கான் வந்தது, நான் மூன்றையும் நிறுத்தேன், தகப்பன், றம்லா, ஜுனைதா, ராத்தா பரிமாறினா, மீனின் தலைப்பகுதி அவனுக்கு, நடுத்துண்டு பிள்ளைகளுக்கு. பெரியவள் றம்லா ஒரு பிடியைக் குழைத்து உருட்டிவிட்டுத் தாயைப் பார்த்தாள், தாய் கண்ணாலேயே அதட்டினா, அவள் தின்றாள்... ஒன்பது வயதுக்கு அது தெரியும், எனக்கு ஏழு நாள் பிடித்தது. அத்தாஉல்லா வாய் நிறைய வைத்துக்கொண்டு, “எழுதுங்க மகன், இந்த ஊருல வெயிலும் காத்துமா இரிக்கிற இந்த நாளையில கழா குடுக்கிற பொம்பளை இவ ஒராள்தான், மற்ற ஊடுகள்ல வருஷக்கணக்கா நிலுவையில போட்டிரிக்கிறாளுகள். இத எழுத உங்கட கடதாசியில எடமிருக்கா?” என்றான். இருக்கிறது என்றேன். பெருமையில் அவன் முகம் நெய் பூசிய மாதிரி இருந்தது, அந்த முகத்தில் கை வைத்துத் துடைக்கிற துணிச்சல் யாருக்கு வரும், பரீட்சையில் முதலாவதாக வந்தவனுக்கு வரும் என்று நினைத்திருந்தேன். தாளை வாசித்தேன். அத்தாஉல்லா, ஒன்று. றம்லா, பத்தில் ஏழு. ஜுனைதா, பாதி. ரம்ஸியா... மூச்சு எடுத்தேன், தட்டிக்குப் பின்னால் சிரட்டையும் அகப்பையும் ஒன்றும் அசையவில்லை... நோன்பு. தொகை கோட்டுக்கு மேலே. “அப்ப எங்கட ஊடு பாஸா?” என்று கேட்டான். “பாஸ்” என்றேன். பெருவிரலை மையில் அழுத்தி, ஒரு பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற கவனத்தோடு தாளில் வைத்தான், பிறகு பிள்ளைகளிடம், “பாத்தீங்களா, வாப்பா கொழும்புச் சோதினையில பாஸ்” என்றான், ஜுனைதா கை தட்டினாள், லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைத்தார்கள், அவன் கைகால் கழுவி ஈரக்காலோடு மணலில் போய்விட்டான்.

நான் படிக்கற்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன், போட்டவற்றையே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். தபாற்கந்தோர் மூன்று மணிக்குப் பூட்டும், அதுவரை தந்திக்கு நேரம் இருக்கிறது, இந்தத் தாளைக் கிழித்து வேறொன்று எழுதவும் நேரம் இருக்கிறது, வெற்றுத் தாள் இரண்டு பையில் இருக்கிறது, நேரமும் தாளும் இருக்கிறவன் கை ஏன் படிக்கற்களையே தடவிக்கொண்டிருக்கிறது... “தம்பி, ஒண்டு கேக்கட்டா” என்று தட்டி பேசியது. “இந்த ஏழு நாளும் பகல்ல ஒரு பருக்கை வாயில வைக்கல்ல. தண்ணி மட்டும்தான். நிய்யத்து வைக்கல்ல, நோன்பு எண்டு வாயால சொன்னதோட சரி. என்ட இருபத்தெட்டுல இதுல ஏதும் கழியுமா?” பள்ளிவாசல் லெப்பையிடம் கேளுங்கள் ராத்தா என்றேன், எனக்கு வேறென்ன வரும். “லெப்பையிட்டக் கேக்கிறதும் ஊருக்குச் சொல்றதும் ஒண்டுதானே” என்றா, கோபமில்லாமல், சட்டியைக் கழுவத் தொடங்கினா, கழுவுவதற்கு முன்னால் சுரண்டும் சத்தம் கேட்டது. எனக்குப் பதில் தெரியும், அதுதான் வேதனை, ஓதிய பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே அது, நோன்பு வைக்கிறேன் என்று மனதில் எண்ணாமல் கிடந்த பட்டினி நோன்பில்லை, தண்ணீர் குடித்தது அதற்கு மேலே. அங்கே, மார்க்கத்தின் கணக்கில், அது நோன்பில் சேராது, நான் நோன்பு என்று எழுதியதால் கொழும்பில் அது பசியிலும் சேராது, ஏழு நாள் ஒரு பெண் கிடந்தது எங்கேயும் பதியவில்லை, என் கையெழுத்தில் அழகாக இருக்கும் ஒரு சொல்லைத் தவிர. இதை அவவுக்கு யார் சொல்வது... மையொற்றும் தாளைத் திருப்பினேன், அந்தப் பிரித்தலுக்குக் கீழே இடம் இருந்தது, ஏன் எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதினேன், கழா இருபத்தெட்டு, கிடந்தது ஏழு, கழிந்தது ஒன்றுமில்லை, பாக்கி இருபத்தெட்டு, பிறைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.